பவல் கிராஸ்லி: மலிவான வானொலிப் பெட்டியும் ஐந்நூறு கிலோவாட் கோபுரமும்

வால்வுக்காலம் (இழையைத் தொடங்கியவர்)

நம் குழுவில் ஆர்.சி.ஏ., பிலிப்ஸ், மர்பி ஆகிய பெயர்கள் அடிக்கடி அடிபடுகின்றன. ஆனால் 1920களின் நடுவில், உலகிலேயே மிகப் பெரிய வானொலித் தயாரிப்பாளர் என்று தம்மை விளம்பரப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு உயர்ந்திருந்த பவல் கிராஸ்லியைப் பற்றி இதுவரை ஒரு தனி இழை இல்லை. அவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசவும், அவரைப் பற்றி நான் கொண்டுள்ள ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கவுமே இதைத் தொடங்குகிறேன்.

அவர் 1886 செப்டம்பர் 18 அன்று ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். இளமையிலிருந்தே அவருடைய ஆசை முழுவதும் மோட்டார் கார் மீதுதான் இருந்தது. 1907இல் கார் தயாரிக்க முயன்றார். அந்த ஆண்டு வந்த நிதி நெருக்கடியில் அது நின்றுபோனது. பிறகு கார்களுக்கான துணைப்பொருள்களை அஞ்சல் வழியாக விற்கும் தொழிலில் காலூன்றினார். அவர் வானொலிப் பக்கம் வந்தது 1921இல். மகன் ஒரு வானொலிப் பெட்டி கேட்டான். கடைக்குச் சென்று பார்த்தால் விலை நூறு டாலருக்கு மேல் இருந்தது. கிராஸ்லி அதை வாங்காமல், வானொலியின் அடிப்படைகளை விளக்கும் ஒரு சிறு கையேட்டை வாங்கிவந்து, மகனோடு சேர்ந்து தாமே ஒரு கிறிஸ்டல் செட்டை (மின்கலம் இல்லாமல், ஒரு படிகத்தைக் கொண்டு அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் எளிய பெட்டியை) கட்டினார். இந்த நிகழ்ச்சியை எல்லோரும் சொல்வார்கள். அதன் பின் அவர் செய்ததே முக்கியமானது என்பேன்: சின்சினாட்டிப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவரை வேலைக்கு அமர்த்தி, பெருமளவில் மலிவாகச் செய்யக்கூடிய ஒரு பெட்டியை வடிவமைக்கச் சொன்னார். அந்த ஆண்டிலேயே பத்து டாலருக்கும் குறைவான விலையில் ‘ஹார்கோ’ சந்தைக்கு வந்தது.

அதே 1921இல் தம் வீட்டிலிருந்தே 20 வாட் திறனுள்ள ஒரு சிறிய ஒலிபரப்பியையும் அவர் இயக்கத் தொடங்கினார். 1922 மார்ச்சில் டபிள்யூ.எல்.டபிள்யூ. என்ற அழைப்புப் பெயருடன் 50 வாட் நிலையம் வந்தது. அந்த ஆண்டே 500 வாட், 1925இல் 5 கிலோவாட், 1928இல் 50 கிலோவாட், 1934இல் 500 கிலோவாட் என்று பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் திறன் பத்தாயிரம் மடங்கு உயர்ந்தது.

என் கருத்து இதுதான். மலிவான பெட்டியும் வலிமையான ஒலிபரப்பியும் கிராஸ்லிக்கு இரண்டு தனித் தொழில்களாக இருக்கவில்லை. கிறிஸ்டல் செட்டில் பெருக்கி கிடையாது. ஹெட்போனில் கேட்கும் ஒலியின் ஆற்றல் முழுவதும் ஒலிபரப்பும் நிலையத்திலிருந்தே வந்து சேர வேண்டும். பெட்டியில் செலவைக் குறைத்தால் அந்தச் செலவை வேறெங்கோ யாரோ ஏற்க வேண்டும். அதைக் கோபுரத்தின் பக்கம் தாமே ஏற்றுக்கொண்டவர் கிராஸ்லி. அவருடைய நிலையத்தின் ஒவ்வொரு திறன் உயர்வையும் அவருடைய பெட்டிகளின் விலைப்பட்டியலோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று கருதுகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

---

ஈயச்சூடு

நல்ல இழை, ஐயா. வடிவமைப்புப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

நான் வசிக்கும் நியூஜெர்சியில் பழைய வானொலி ஆர்வலர்கள் கூடும் சந்தைகளில் 1924இல் வந்த ‘கிராஸ்லி 51’ இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. அது இரண்டு வால்வு (அலையைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்) கொண்ட பெட்டி. அன்றைக்கு எவ்வளவு விற்றிருந்தால் நூறு ஆண்டுகள் கழித்தும் இத்தனை மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதன் மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கிராஸ்லிக்கே உரிய ‘புத்தகக் கண்டென்சர்’ என்ற பாகம். கண்டென்சர் என்பது மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம்; அதன் கொள்ளளவை மாற்றித்தான் வேண்டிய நிலையத்தைப் பிடிப்போம். அக்காலத்து மற்றப் பெட்டிகளில், நிலையாக நிற்கும் உலோகத் தகடுகளுக்கு நடுவே, ஓர் அச்சில் கோத்த அரைவட்டத் தகடுகள் உரசாமல் சுழன்று நுழையும். அவற்றைத் துல்லியமாக வெட்டி, இடைவெளி மாறாமல் அடுக்கிக் கோப்பது கைவேலை அதிகம் பிடிக்கும் காரியம். செலவும் அதற்கேற்ப ஏறும். கிராஸ்லியின் பாகத்தில் அத்தனை தகடுகள் இல்லை. உலோகம் போர்த்திய இரண்டு இலைகள் ஒரு பக்கம் கீல் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். நடுவே மைக்கா ஏடு. குமிழைத் திருகினால் ஒரு நெம்புருளை ஓர் இலையைத் தள்ளும், இலைகள் புத்தகம் போல மூடிக்கொள்ளும், கொள்ளளவு கூடும். திருப்பித் திருகினால் சுருள்வில் இலையை விலக்கிவிடும்.

இதில் ஒரு குறையும் உண்டு. இலைகள் ஏறக்குறைய மூடும் நிலைக்கு வரும்போது குமிழின் சிறு அசைவுக்கே அலைவரிசை நிறைய நகர்ந்துவிடும். நெம்புருளை தேய்ந்துபோனால் முன்பு குறித்து வைத்த எண்ணில் அதே நிலையம் கிடைக்காது. பொறியியல் நுணுக்கத்தில் இதை உயர்ந்த வேலை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் சம்பளப் பணத்தில் மிச்சம் பிடித்து ஒரு பெட்டி வாங்க நினைத்த தொழிலாளிக்கு அந்தப் பெட்டி எட்டும் விலையில் கிடைத்ததற்கு இப்படிப்பட்ட பாகங்களே காரணம்.

1925இல் வந்த ‘பப்’ இன்னும் ஒரு படி கீழே போனது. ஒரே வால்வு, சிறிய உலோகப் பெட்டி, விலை 9 டாலர் 75 சென்ட். வால்வு பெட்டிக்கு உள்ளே இராது. மேலே வெளியில் நின்றுகொண்டிருக்கும்.

---

வடகலைவாணன்

மலிவு விலையைப் புகழ்வதற்கு முன் அதே காலத்தில் பிலடெல்பியாவில் இருந்த ஆட்வாட்டர் கென்ட்டை நினைவுபடுத்த விரும்புகிறேன். அவரும் மோட்டார் காரிலிருந்துதான் வானொலிக்கு வந்தார். கார்களுக்கான தீப்பொறி அமைப்பில் அவர் செய்த கண்டுபிடிப்புக்கு பிலடெல்பியாவின் பிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் 1914இல் ஜான் ஸ்காட் பதக்கம் வழங்கியது. 1920களின் தொடக்கத்தில் வானொலிப் பாகங்களைச் செய்யத் தொடங்கி, பிறகு மெருகேற்றிய பலகையின் மீது பாகங்களைத் திறந்தவாக்கில் பொருத்திய ‘பிரெட்போர்டு’ பெட்டிகளை விற்றார். பெட்டி என்று சொல்வதற்கு அதில் சுவரும் இல்லை, மூடியும் இல்லை. பழுப்பு நிற வார்ப்பு உருளைகள் பலகை மேல் வரிசையாக நிற்க, கம்பிகள் எல்லாம் பலகைக்கு அடியில் ஓடும். இன்று அவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையையும் ஒரு ‘கிராஸ்லி 51’க்குக் கொடுக்கும் விலையையும் ஒப்பிட்டாலே தரத்தில் உள்ள இடைவெளி தெரியும்.

அவர் மலிவுச் சந்தைக்கு இறங்காமலே எண்ணிக்கையிலும் கிராஸ்லியை முந்தினார். 1929இல் அவருடைய தொழிற்சாலையில் ஏறத்தாழ 12,000 பேர் வேலை செய்தனர்; அந்த ஆண்டு ஏறத்தாழ பத்து லட்சம் பெட்டிகள் வெளிவந்தன. செலவைப் பெட்டிக்குள் போட்டு, தொலைதூர நிலையத்தையும் கேட்பவரின் கையில் கொண்டுவந்து கொடுப்பது ஒரு வழி. பெட்டியைச் சுருக்கிவிட்டு, தம் நிலையத்தை மட்டும் உரத்துக் கேட்கச் செய்வது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் கேட்பவருக்குத் தேர்வு குறைகிறது என்பதை வால்வுக்காலம் ஐயா கவனிக்க வேண்டும்.

---

வால்வுக்காலம்

வடகலைவாணன் அவர்கள் எழுப்பிய கேள்வி சரியான கேள்விதான். ஆட்வாட்டர் கென்ட்டின் வேலைப்பாட்டை நானும் மதிக்கிறேன். ஆனால் அவருடைய கதையின் பிற்பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1929இன் பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு அமெரிக்கக் குடும்பங்கள் தேடியது மேசை மேல் வைக்கும் சிறிய, விலை குறைந்த பெட்டியை. 1930இல் அதே பிலடெல்பியாவிலிருந்து பில்கோ நிறுவனம் ஐம்பது டாலருக்குள் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்து சந்தையைப் பிடித்தது. கென்ட் தரத்தைக் குறைத்துச் செய்ய மனமில்லாதவராகவே இருந்து, 1936இல் தொழிற்சாலையை மூடிவிட்டு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். அவர் கடனில் மூழ்கி மூடவில்லை, செல்வந்தராகவே விலகினார். பிலடெல்பியா நகர வரலாற்று அருங்காட்சியகத்துக்கான கட்டடத்தை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. ஆயினும் பல்லாயிரம் பேர் உழைத்த தொழிற்சாலை, நாட்டுக்கு மலிவான பெட்டி மிகவும் தேவைப்பட்ட ஆண்டுகளில் நின்றுபோனது. கிராஸ்லியின் தொழிற்சாலை அதே ஆண்டுகளைக் கடந்து ஓடியது.

தேர்வு குறைகிறது என்ற வாதத்துக்கு ஒரு பதில்: கையில் பெட்டியே இல்லாதவருக்கு எந்தத் தேர்வும் இல்லை.

---

பொறியியல் மாணவி

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம். ஒரே வால்வை வைத்து ஹெட்போனில் நன்றாகக் கேட்கும் அளவுக்குப் பெருக்க வேண்டுமென்றால் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பின்னூட்டச் சுற்று தேவை. அதற்கான காப்புரிமை 1914இலேயே வழங்கப்பட்டுவிட்டது. 1920இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அதை வாங்கியும்விட்டது. அப்படியிருக்க ஒரு சின்சினாட்டி வியாபாரி எப்படி அந்தச் சுற்றை வைத்துப் பெட்டி விற்க முடிந்தது? வழக்கு வரவில்லையா?

---

ஈயச்சூடு

நல்ல கேள்வி, தங்கையே. கிராஸ்லியின் வணிகக் கூர்மை மிக நன்றாகத் தெரியும் இடம் இது.

வெஸ்டிங்ஹவுஸ் காப்புரிமையை வாங்குவதற்கு முன்பே ஆர்ம்ஸ்ட்ராங் சில சிறிய நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியிருந்தார். அந்த உரிமங்கள் செல்லுபடியாகவே இருந்தன. புதிதாக யாருக்கும் கிடைக்கவில்லை. அப்படி உரிமம் வைத்திருந்த நிறுவனங்களில் ஒன்று சின்சினாட்டியிலேயே இருந்த ‘பிரிசிஷன் எக்யுப்மென்ட்’. கிராஸ்லி அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிட்டார். அதனோடு உரிமமும் அவர் கைக்கு வந்தது. அதன் பின்னர் வந்த ஒரு வால்வு, இரண்டு வால்வுப் பெட்டிகளுக்கெல்லாம் அடித்தளம் இந்த ஒரு கொள்முதல்தான்.

பின்னூட்டம் எப்படி விலையைக் குறைக்கிறது என்பதையும் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வால்விலிருந்து வெளிவரும் அலைவில் ஒரு பகுதியை ஒரு சுருள் வழியாக மீண்டும் உள்ளீட்டுக்கே அனுப்பினால், அதே வால்வு அதே அலையைத் திரும்பத் திரும்பப் பெருக்கும். மூன்று நான்கு வால்வுகள் செய்யும் வேலையை ஒன்று செய்துவிடும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது: பின்னூட்டக் குமிழை எல்லை மீறித் திருகினால் பெட்டி தானே அலைவுறத் தொடங்கி, தன் ஏரியல் வழியாகவே ஒரு சிறு ஒலிபரப்பியாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டின் மேல் ஒரு கீச்சொலி ஏறும். 1920களில் இதைப் பற்றி எழாத புகார் இல்லை.

---

அலைநீளம் 428

ஐந்நூறு கிலோவாட் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன். சின்சினாட்டிக்கு வடக்கே மேசன் என்ற ஊரில் அந்தக் கோபுரத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், இன்றும் டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையம் 700 கிலோஹெர்ட்ஸில் அதிலிருந்துதான் ஒலிக்கிறது.

அது பிளா-நாக்ஸ் நிறுவனம் வைர வடிவில் கட்டிய கோபுரம். அடியில் ஒற்றைப் புள்ளியாகக் குறுகி ஒரு பீங்கான் காப்பானின் மேல் உட்கார்ந்திருக்கும்; நடுவில் அகன்று, அந்த அகன்ற இடத்திலிருந்து இழுவைக் கம்பிகள் நான்கு பக்கமும் தரைக்கு இறங்கும்; பிறகு மேலே மீண்டும் குறுகிச் செல்லும். எழுப்பியபோது உயரம் 831 அடி. கோபுரம் முழுவதுமே ஏரியல் என்பதால் அத்தனை எடையும் அந்தப் பீங்கானில்தான் இறங்குகிறது. ஒலிபரப்பியின் வால்வுகளைத் தண்ணீரால் குளிர்விக்க வேண்டியிருந்ததால், கட்டடத்துக்கு முன்னால் ஒரு பெரிய குளம் வெட்டி, சூடேறிய நீரை அதில் பீய்ச்சி ஆறவிட்டார்கள்.

முதலில் நள்ளிரவுக்குப் பின் சோதனை அழைப்புப் பெயரில் ஒலிபரப்பிப் பார்த்துவிட்டு, 1934 மே 2 அன்று இரவு முறையாகத் தொடங்கினார்கள். வாஷிங்டனிலிருந்து அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு தங்கத் தந்திச் சாவியை அழுத்தித் தொடங்கிவைத்தார். பனாமா கால்வாய்த் திறப்புக்கு வுட்ரோ வில்சன் பயன்படுத்திய அதே சாவி அது. சுற்றுவட்டாரத்தில் விளக்குகள் அணையாமல் மினுங்கியதாகவும், வேலிக் கம்பியிலும் தகரத்திலும் பாட்டுக் கேட்டதாகவும் மக்கள் சொன்ன கதைகள் ஏராளம். இவை எல்லாவற்றையும் கற்பனை என்று தள்ளத் தேவையில்லை: துருப்பிடித்த இரண்டு உலோகங்கள் தொடும் இடம் கிறிஸ்டல் செட்டின் படிகம் போலவே அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கக்கூடியது, அருகில் இவ்வளவு வலிமையான புலம் இருந்தால் தகரமே அதிர்ந்து பேசும்.

ஒரு கணக்கையும் இங்கே பார்க்க வேண்டும். திறனைப் பத்து மடங்கு கூட்டினால் ஓரிடத்தில் அலையின் புல வலிமை பத்து மடங்கு கூடாது. பத்தின் வர்க்கமூலமாகிய ஏறத்தாழ 3.16 மடங்கே கூடும். அந்த மூன்று மடங்குக்காக அவர் செய்த செலவையும் ஏற்ற துணிச்சலையும் எண்ணும்போது வியப்பாகவே இருக்கிறது.

அதன் விளைவு எல்லைக்கு அப்பாலும் தெரிந்தது. கனடாவின் டொராண்டோவில் 690 கிலோஹெர்ட்ஸில் இயங்கிய நிலையத்துக்கு இரவில் இடையூறு ஏற்பட்டது. இரண்டுக்கும் இடையே வெறும் 10 கிலோஹெர்ட்ஸ்தான். கனடா முறையிட்டதால், 1935இன் தொடக்கத்தில் இரவில் 50 கிலோவாட்டுக்கு இறங்க வேண்டியதாயிற்று. கூடுதல் கோபுரங்களை நிறுத்தி, அந்தத் திசையில் மட்டும் அலையைத் தணிக்கும் திசை ஏரியலை அமைத்த பிறகே இரவிலும் முழுத் திறனுக்குத் திரும்பினார்கள்.

---

வடகலைவாணன்

அலைநீளம் அவர்களின் பதிவு அருமையானது. ஆனால் அதுவே இழையின் முதற்கருத்தைத் தளர்த்துகிறது என்று நினைக்கிறேன்.

மலிவான பெட்டிக்காகவே கோபுரம் வளர்ந்தது என்பது 1922க்கும் 1925க்கும் பொருந்தும். 1934இல் நிலைமை வேறு. அப்போது சாதாரண மேசைப் பெட்டியிலேயே, நலிந்த அலையையும் தெளிவாகப் பிடிக்கும் சூப்பர்ஹெட்டிரோடைன் சுற்று வந்துவிட்டது. கிறிஸ்டல் செட் சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. ஆகவே 500 கிலோவாட்டின் நோக்கத்தைப் பெட்டி விற்பனையில் தேடக் கூடாது, விளம்பர வருவாயில் தேட வேண்டும். சின்சினாட்டியிலேயே தலைமையகம் கொண்ட பிராக்டர் அண்டு கேம்பிள் சோப்பு நிறுவனம் ‘மா பெர்கின்ஸ்’ தொடர் நாடகத்தை 1933இல் இதே நிலையத்தில்தான் தொடங்கியது. ஒரே நிலையத்தில் விளம்பரம் கொடுத்து நாட்டின் பெரும்பகுதியை எட்டலாம் என்றால், சிறிய ஊர்களின் சிறிய நிலையங்களுக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்? அந்த நிலையங்களில்தான் உள்ளூர்ச் செய்தியும், உள்ளூர்ப் பள்ளியின் பாட்டும், உள்ளூர்த் தேர்தல் விவாதமும் ஒலித்தன.

இந்தக் கவலையே அமெரிக்க செனட்டில் 1938 ஜூனில் செனட்டர் பர்ட்டன் வீலர் கொண்டுவந்த தீர்மானமாக உருவெடுத்தது: எந்த நிலையமும் 50 கிலோவாட்டைத் தாண்டுவது பொதுநலனுக்கு ஏற்றதல்ல என்றது அது. சோதனை உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. 1939 மார்ச் 1 முதல் டபிள்யூ.எல்.டபிள்யூ. மீண்டும் 50 கிலோவாட்டுக்கு வந்தது. அந்த வரம்பை அமெரிக்கா இன்றளவும் மாற்றவில்லை என்பது அந்த முடிவின் நியாயத்துக்குச் சான்று என்று கருதுகிறேன்.

---

வால்வுக்காலம்

இழையின் மையமான விவாதத்துக்கு வந்துவிட்டோம், மகிழ்ச்சி.

1934இல் நகரத்து வீடுகளில் சூப்பர்ஹெட்டிரோடைன் இருந்தது என்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் வந்திருந்தது. ஊரக மின்மயமாக்கலுக்கான நிர்வாக அமைப்பே 1935இல்தான் நிறுவப்பட்டது. மற்றவர்கள் பேட்டரிப் பெட்டியை நம்பியிருந்தார்கள். வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, தகட்டு மின்னழுத்தத்துக்கு வேறொன்று. இரண்டும் தீரத் தீரக் காசு கொடுத்து மாற்ற வேண்டும். எனவே வால்வுகள் குறைந்த பெட்டியே அவர்களுக்குக் கட்டுப்படியாகும். பகலில் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பாது, தரையோடு ஊர்ந்துதான் வரும். அருகில் நிலையம் இல்லாத கெண்டக்கி மலைப்பகுதிக்கும் இந்தியானா, மேற்கு வர்ஜீனியாப் பண்ணைகளுக்கும் பகல் வேளையில் தெளிவாகக் கேட்கும் நிலையம் எத்தனை இருந்திருக்கும்? தானிய விலையும் வானிலை அறிவிப்பும் அவர்களுக்குப் பகலில்தான் வேண்டும். அலைநீளம் சொன்ன அந்த மூன்று மடங்கு, நகரத்தில் இருப்பவருக்குப் பெரிதில்லை. இரைச்சலுக்குள் அமுங்கிக்கொண்டிருந்த குரலைக் கேட்டுக்கொண்டிருந்த பண்ணை வீட்டுக்கு அது பேச்சு புரிவதற்கும் புரியாமல் போவதற்கும் உள்ள வேறுபாடு.

விளம்பர வருவாய் நோக்கமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிராஸ்லி வியாபாரி. ஆனால் பெட்டியின் விலையைக் கேட்பவரிடம் குறைத்து, ஒலிபரப்பின் செலவை விளம்பரதாரரிடம் வாங்கியது அவர் முதல்நாளில் போட்ட அதே கணக்கின் தொடர்ச்சி.

சிறு நிலையங்களைப் பற்றிய கவலை நியாயமானதே. அந்தக் கேள்வியில் செனட் எடுத்த முடிவைத் தவறென்று என்னாலும் சொல்ல முடியவில்லை. பல பெரிய நிலையங்கள் தங்களுக்கும் 500 கிலோவாட் வேண்டும் என்று வரிசையில் நின்றன. எல்லோருக்கும் கொடுத்திருந்தால் நாடு முழுவதும் ஒரு சில குரல்கள் மட்டுமே கேட்டிருக்கும்.

---

கோடைப்பண்பலை

இடையில் ஒரு சிறு கேள்வி. இணையக் கடைகளில் கிராஸ்லி என்ற பெயரில் பெட்டி வடிவ ரெக்கார்டு பிளேயர்கள் விற்கப்படுகின்றனவே, அவை இந்த நிறுவனத்தின் தொடர்ச்சியா?

---

ஈயச்சூடு

இல்லை. பவல் கிராஸ்லி 1945இல் வானொலித் தொழிற்சாலையையும் ஒலிபரப்பு நிலையத்தையும் ஆவ்கோ என்ற விமான உற்பத்தி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். ஆவ்கோ 1956இல் அந்தப் பெயரில் வீட்டுச் சாதனங்கள் செய்வதையே நிறுத்திவிட்டது. இன்றைய ரெக்கார்டு பிளேயர்கள், 1980களில் கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரைச் சேர்ந்த வேறொரு நிறுவனம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு தொடங்கியவை. பெயர் ஒன்று, தொழிற்சாலையும் ஆட்களும் வேறு.

---

அலைநீளம் 428

நிகழ்ச்சிகளைப் பற்றி யாரும் எழுதாததால் சில வரிகள். டோரிஸ் டே, ரோஸ்மேரி குளூனி, மில்ஸ் சகோதரர்கள், பியானோக் கலைஞர் ஃபேட்ஸ் வாலர் ஆகியோர் தம் தொடக்க காலத்தில் பாடியும் வாசித்தும் பழகிய இடம் டபிள்யூ.எல்.டபிள்யூ. 1934இல் மியூச்சுவல் ஒலிபரப்பு வலைப்பின்னலை உருவாக்கிய நான்கு நிலையங்களில் இதுவும் ஒன்று.

பேஸ்பால் கதையும் வானொலியோடு பிணைந்ததுதான். கிராஸ்லி 1934இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் பொறுப்பை ஏற்றார். மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அந்த ஆண்டு ரெட் பார்பர் என்ற இளைஞர் அங்கே வர்ணனை செய்ய வந்து, பின்னாளில் நாடறிந்த வர்ணனையாளரானார். நேரடி வர்ணனை கேட்டால் ரசிகர்கள் மைதானத்துக்கு வரமாட்டார்கள் என்று மற்ற அணிகளின் உரிமையாளர்கள் பலர் அஞ்சிய காலம் அது. வேலைக்குப் போகிறவர் பார்க்க முடியாத பகல் ஆட்டத்துக்கு மாற்றாக, 1935 மே 24 அன்று, பெரிய லீக் வரலாற்றில் முதல் இரவு ஆட்டம் கிராஸ்லி மைதானத்தில் மின்விளக்கொளியில் நடந்தது. அதற்கும் வெள்ளை மாளிகையிலிருந்து பொத்தானை அழுத்தியவர் ரூஸ்வெல்ட். 20,422 பேர் வந்தார்கள். ரெட்ஸ் 2–1 என்று பிலடெல்பியா ஃபில்லீஸை வென்றது.

---

வடகலைவாணன்

கேட்பவரை அவர் கைவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள இந்த விவரங்கள் உதவுகின்றன. என் மறுப்பு ஒன்றில் மட்டும் நிற்கிறேன்: ஒரே மனிதரின் கையில் பெட்டியும், நிலையமும், விளையாட்டு அணியும், அந்த அணியின் வர்ணனையும் சேர்வது ஆரோக்கியமானதா என்ற கேள்வி அவர் காலத்தோடு முடியவில்லை. அவருடைய மரபைப் பேசும்போது இதையும் மரபின் ஒரு பகுதியாகவே எழுத வேண்டும்.

---

பொறியியல் மாணவி

கதவுக்குள் தட்டுகள் வைத்த குளிர்சாதனப் பெட்டியை 1933இல் ‘ஷெல்வடார்’ என்று விற்றதும், 1939இல் சிறிய கார் செய்ததும் இவரே என்று படித்தேன். கார் ஏன் நிலைக்கவில்லை?

---

வால்வுக்காலம்

போர் முடிந்து எரிபொருள் தாராளமாகக் கிடைத்த பின் அமெரிக்கர்கள் பெரிய கார்களையே விரும்பினார்கள். மலிவும் சிறு உருவமும் வானொலியில் அவருக்குக் கொடுத்த வெற்றியைக் காரில் கொடுக்கவில்லை. 1949இல் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் வைத்து ஒரு சிறு காரை விற்றார். அது காலத்துக்கு முந்திய வேலை. 1952இல் உற்பத்தி நின்றது. வானொலித் தொழிலை விற்ற பணத்தில் பெரும்பகுதியை இளமைக் கனவான இந்தக் காரில்தான் அவர் போட்டார். 1961 மார்ச் 28 அன்று காலமானார்.

---

ஈயச்சூடு

பவலைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். அவருடைய தம்பி லூயிஸ் கிராஸ்லியைப் பற்றிச் சொல்லாமல் இந்த இழை நிறைவடையாது. அண்ணன் யோசனை சொல்வார், அதைத் தொழிற்சாலையில் ஓடவைத்தவர் தம்பி. பொறியியல் படித்தவர், ஆள் எடுப்பது, உற்பத்தி வரிசையை அமைப்பது, பாகம் குறித்த நாளில் வந்து சேர்வது எல்லாம் அவர் பொறுப்பு. நான் மேலே எழுதிய புத்தகக் கண்டென்சரைக் காகிதத்தில் வரைவது எளிது. ஆயிரமாயிரமாய் ஒரே அளவில் வெளியே வரச் செய்வது லூயிஸின் வேலை.

அந்தத் திறமை இரண்டாம் உலகப் போரில் முழுமையாக வெளிப்பட்டது. பீரங்கிக் குண்டின் மூக்கில் பொருத்தும் ‘அண்மை உணர் ஃபியூஸ்’ என்பது உண்மையில் ஒரு சின்னஞ்சிறு வானொலி: அலையை அனுப்பி, இலக்கில் பட்டுத் திரும்புவதை உணர்ந்து, குண்டு விமானத்தின் அருகில் வந்ததும் வெடிக்கச் செய்யும். பீரங்கியிலிருந்து புறப்படும் கணத்தில் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 20,000 மடங்கு விசையை அதன் கண்ணாடி வால்வுகள் தாங்க வேண்டும். வடிவமைத்தது மெர்ல் டூவ் தலைமையிலான ஆய்வாளர் குழு. அதைப் பெருமளவில் முதலில் செய்துகாட்டியது கிராஸ்லி நிறுவனம். 1943 ஜனவரி 5 அன்று ‘ஹெலினா’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் இந்த ஃபியூஸ் பொருத்திய குண்டால் ஒரு ஜப்பானிய விமானத்தை வீழ்த்தியது. போர் முடிவதற்குள் அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் ஃபியூஸ்களைச் செய்தன. பத்து டாலர் பெட்டியை இலட்சக்கணக்கில் செய்து பழகிய கைகள் இல்லாமல் அந்த எண்ணிக்கை சாத்தியமாகியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அதே போரில், மேசன் கோபுரத்துக்கு அருகிலேயே பெத்தானி என்ற இடத்தில், ஐரோப்பாவையும் தென் அமெரிக்காவையும் நோக்கி ஒலிபரப்ப 200 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பிகள் ஆறினைக் கிராஸ்லியின் பொறியாளர்கள் கட்டி, 1944 செப்டம்பரில் இயக்கத் தொடங்கினார்கள். ஐந்நூறு கிலோவாட்டைக் கட்டி ஆண்ட அனுபவம்தான் அங்கே கைகொடுத்தது. ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’வின் அந்த நிலையம் 1994 வரை இயங்கியது. கட்டடம் இப்போது ஒலிபரப்பு அருங்காட்சியகமாக இருக்கிறது. சின்சினாட்டி பக்கம் போகிறவர்கள் ஒரு நாளை அதற்கென ஒதுக்கிப் பாருங்கள். மேசன் கோபுரமும் அங்கிருந்து பக்கம்தான்.